தொண்ணூறாவது நாள்

சின்னவள் அந்தப் பேச்சை எடுத்தபோது அவள் வாயில் ரொட்டி இருந்தது. மென்று விழுங்கிவிட்டுப் பேசலாம் என்கிற பொறுமையெல்லாம் அவளுக்கு என்றைக்கு இருந்தது?

"அக்கா, எனக்கு இது வேணாம். நீ எடுத்துக்கோ."

பெரியவள் தையல் கடையில் உட்கார்ந்து ஒரு சட்டையின் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டுத் தட்டுப் பக்கம் கையை நீட்டினாள். "ஏன்டி, காஞ்சு போச்சா? சூடு பண்ணித் தரட்டுமா?"

"ஐயோ, ரொட்டியைச் சொல்லலக்கா. இதைச் சொல்றேன்." ஐந்து மாத வயிற்றை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள். "மூணு இருக்கு, அதுங்களுக்கே எனக்கு ஜீவன் போகுது. பெரிய பொண்ணு என் தோளுக்கு மேல வளர்ந்து நிக்கிறா, நான் வயித்தத் தள்ளிக்கிட்டுத் திரியறேன். இதை நீயும் மாமாவும் வளத்துக்கோங்க. நல்லாப் பாத்துப்பீங்க. எனக்கும் கண்ணு முன்னாடியே இருக்கும். என்ன சொல்றே? இன்னும் கொஞ்சம் டீ இருந்தா ஊத்தேன்."

வெளியே மழை. குடையில்லாமல் வந்து, தலையைத் துவட்டாமல் உட்கார்ந்து, ஒரு உயிரைத் தூக்கிக் கொடுத்துவிட்டு அதே மூச்சில் டீயும் கேட்டாயிற்று. அதுதான் சின்னவள்.

வெட்டு மேஜையின் அந்தப் பக்கம் நின்ற பெரியவளின் புருஷன், தையல் மாஸ்டர், கோடு போட்டுக்கொண்டிருந்த சாக்பீஸை எடுத்து, அதன் டப்பாவில் வைத்து, டப்பாவை மூடினார். அவர் வேலையை நடுவில் நிறுத்திப் பெரியவள் பார்த்ததில்லை. கோடு கால் சட்டையின் முழங்காலோடு நின்றுபோயிருந்தது.

இந்த மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தத் தெருவில் தையல் கடை மூன்று இருந்தது. மற்ற இரண்டிலும் காலையில் துணி கொடுத்தால் சாயங்காலம் உடுத்திக்கொண்டு போகலாம். இவரிடம் அந்தக் கதை நடக்காது. புதுத் துணி வந்தால் ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடக்க வேண்டும். பிறகு நிழலில் காய வேண்டும். இஸ்திரி போட்டபின் இன்னும் ஒரு நாள் மடிக்காமல் தொங்க வேண்டும். சுருங்குகிற துணி அதற்குள் சுருங்கிவிடும், இழுக்கிற துணி இழுத்துவிடும், அதன் பிறகுதான் கத்தரி. ஓட்டுத் தையல் போட்டு, ஆளை வரவழைத்து, போட்டுப் பார்த்து, பிரித்து, மறுபடி தைப்பார். 'மாஸ்டர்கிட்ட கல்யாணச் சட்டை தைக்கணும்னா பொண்ணு பாக்கறதுக்கு முன்னாடியே துணியக் குடுத்துடணும்' என்று தெருவில் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் ஒன்று. அவர் தேதி சொன்னால் தேதிதான். இடி விழுந்தாலும் அன்றைக்குக் காலையில் சட்டை மாட்டியில் தொங்கும்.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு வாய்த்த பெண்டாட்டி எப்படி இருக்க வேண்டும்? கொஞ்சம் துடிப்பாக, கையைப் பிடித்து இழுக்கிறவளாக இருந்திருக்கலாம். இவளோ ஒரு பட்டனைத் தைத்துவிட்டு அது நிற்கிறதா என்று நான்கு தரம் இழுத்துப் பார்க்கிற ரகம். அந்தக் கடையில் கைவேலைக்குச் சேர்ந்தபோது இவளுக்கு இருபத்து மூன்று வயது. மேஜையின் இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் அவர். அவருக்கு இவள் மேல் ஆசை. இவளுக்கும் அவர் மேல் ஆசை. தெருவுக்கே தெரியும். அவருக்கு இரண்டு தங்கைகளைக் கரையேற்ற வேண்டியிருந்தது. இவளுக்குப் படுக்கையில் கிடந்த அம்மா. எல்லாம் முடியட்டும், முடியட்டும் என்று பதினாலு வருஷம் ஓடியது. கடைசியில் சின்னவள்தான் ஒரு நாள் கடைக்குள் புகுந்து, "ரெண்டு பேரும் கல்யாணத்தப் பண்ணித் தொலைங்களேன், பாக்கற எனக்கே நரை விழுந்துடும் போலிருக்கு" என்று கத்தி, அடுத்த வாரமே நடத்தியும் வைத்தாள். பெரியவளுக்கு அப்போது முப்பத்தேழு, அவருக்கு நாற்பத்து மூன்று.

அதற்குப் பிறகாவது? "முதல்ல ஒரு ரூம் கட்டிப்போம். பாப்பாவ மெஷின் சத்தத்துல, தூசியில எப்படிப் படுக்க வெக்கிறது?" என்றார் அவர். இவளும் அதையேதான் நினைத்திருந்தாள். கடைக்குப் பின்னால் அறை கட்டி முடிக்க இரண்டு வருஷம். சுவர் ஈரம் காய ஒரு மழைக்காலம் போகட்டும் என்று இன்னும் ஒரு வருஷம். டாக்டரம்மாவிடம் போனபோது, "இவ்வளவு நாள் என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?" என்றுதான் முதலில் கேட்டாள். ரூம் கட்டிக்கொண்டிருந்தோம் என்றா சொல்வது? இது நடந்தது போன வருஷம். இனிமேல் கஷ்டம் என்று சொல்லிவிட்டாள்.

ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர் இப்படியா என்று பார்ப்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். பெரியவளுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அப்பா சாகும்போது இவளுக்குப் பத்து வயது, தங்கைக்கு நாலு. இவள் பத்து வருஷம் வளர்ந்தது நேரத்துக்குச் சாப்பாடு வருகிற வீடு. சின்னவள் வளர்ந்தது வேறு வீடு, அம்மா ஒரே ஆளாய் அல்லாடிய வீடு. மூன்று வருஷத்தில் ஐந்து இடம் மாறினார்கள். நாளைக்குத் தின்னலாம் என்று பெரியவள் எடுத்து வைப்பாள். நாளைக்கு எது இருக்கும் எது இருக்காது என்று தெரியாத சின்னவள் அன்றைக்கே தின்றுவிடுவாள். பத்தொன்பது வயதில் ஒரு லாரி டிரைவரைப் பார்த்தாள். அவனும் இவளைப் போலவே, காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட ஜாதி. பார்த்த மூன்றாவது வாரம் மாலையும் கழுத்துமாக வந்து நின்றார்கள். முட்டிக்கொள்வார்கள், பாத்திரம் பறக்கும், அரை மணியில் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். "எங்க வீட்டுல ரெண்டு பேருமே ஆக்ஸிலரேட்டர். உங்க வீட்டுல ரெண்டு பேருமே பிரேக்கு. ஆளுக்கொண்ணா மாத்திக் கட்டியிருந்தா வண்டி நல்லா ஓடியிருக்கும் அண்ணி" என்று டிரைவர் ஒரு தடவை சொல்ல, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெரியவளும்தான் சிரித்தாள்.

சரி, மழைக்கு வருவோம்.

"என்ன மாமா, சாக்பீஸ மூடி வெச்சுட்டீங்க? ஏதாவது சொல்லுங்க" என்றாள் சின்னவள்.

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "உன் வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிட்டியாம்மா?"

"நேத்துச் சொன்னேன். முதல்ல குதிச்சாரு. அப்புறம், உங்க அக்கா கையில வளந்தா அந்தப் புள்ளைக்காவது நல்ல புத்தி வரும்னாரு. நீங்க சொல்லுங்க. வேணுமா, வேணாமா? ஒரே வார்த்தை."

வேணும்டி, இப்பவே வேணும், என் தங்கமே என்று ஓடிப்போய் அந்த ஈரத் தலையைக் கட்டிக்கொள்ளப் பெரியவளுக்கு உடம்பெல்லாம் துடித்தது. ஆனால் அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். பொறுப்பான விஷயம், அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று பார்த்தாள்.

அவர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "இன்னும் நாலு மாசம். பொறந்து மூணு மாசமாவது தாய்ப்பால் குடிக்கணும், அதை நாம கெடுக்கக் கூடாது. அதுக்குள்ள இங்கேயும் செய்ய வேண்டியது இருக்கு..." பிறகு நிமிர்ந்து, கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லும் அதே குரலில் சொன்னார். "பொறந்து தொண்ணூறாவது நாள் நாங்க வர்றோம்மா. அதுவரைக்கும் யோசிக்க வேண்டியதை யோசிச்சுக்கறோம். நீயும் யோசி."

சின்னவள் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது. ஒரு நொடிதான். உடனே சிரித்தாள். "சரி மாமா. யோசிங்க" என்றாள். கேட்டு வாங்கிய டீயைக் குடிக்காமலே, மழை விட்டுவிட்டது என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள். மழை விடவில்லை.

"முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சுல்ல?" என்றாள் பெரியவள்.

"புள்ளையக் குடுக்கறதுன்னா சும்மாவா? மனசு கலங்கத்தான் செய்யும்" என்றார் மாஸ்டர். இவளுக்கும் அப்படித்தான் பட்டது.

அன்றைக்கு ஆரம்பித்த வேலை! பெரியவளின் வாழ்க்கையில் அந்த ஏழு மாதம் போல் வேறு காலம் வந்ததில்லை. கடையை மூடியபின் தினமும் ஒரு மணி நேரம் அந்த அறைக்கு. ஜன்னலுக்குக் கொசு வலை அடித்தார்கள். சுவரில் ஆணி இருந்த இடத்தையெல்லாம் பிடுங்கிப் பூசினார்கள். இஸ்திரி மேஜையின் வயர் பிள்ளை கைக்கு எட்டும் என்று மாஸ்டர் அதைப் பெயர்த்து எதிர்ச் சுவருக்குக் கொண்டுபோனார். தவழ ஆரம்பித்தால் ஊசி குத்தும் என்று, கீழே விழுந்த ஊசியைப் பொறுக்க ஒரு காந்தம் வாங்கி, கம்பில் கட்டி, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் கடை முழுக்க ஒரு தடவை தடவி வருவதைப் பழக்கம் பண்ணிக்கொண்டார். பிள்ளை பிறக்கவே இல்லை, தவழ்வதற்கு ஏற்பாடு நடக்கிறது!

"ஏங்க, இதெல்லாம் அவகிட்டச் சொல்லிடலாமா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"எல்லாம் முடியட்டும். பாதியில சொன்னா நாம பறக்கற மாதிரி இருக்கும். புள்ளத்தாச்சிய அவசரப்படுத்தக் கூடாது."

"நானும் அதான் நினைச்சேன்" என்றாள்.

பிறகு துணி. மாஸ்டர் ஆயுசில் ஆம்பளைச் சட்டையும் கால் சட்டையும் தவிர வேறு தைத்ததில்லை. மெல்லிய பருத்தித் துணியாகப் பார்த்து வாங்கி, ஒரு தரத்துக்கு ஆறு தரம் அலசி, கஞ்சியெல்லாம் போக்கி, தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார். "உன் கன்னத்துல தேச்சுப் பாரு. என் தோல் தடிச்ச தோல்" என்று இவளிடம் நீட்டுவார். பழைய செய்தித்தாளில் சின்னச் சின்னதாய் மாதிரி வெட்டி மேஜையில் பரப்பினார். பிறந்ததற்கு ஒன்று, மூன்று மாசத்துக்கு, ஆறு மாசத்துக்கு, ஒரு வயசுக்கு, இரண்டு வயசுக்கு. ஐந்து அளவிலும் ஆறாறு. தையல் உறுத்தக் கூடாது என்று ஓரமெல்லாம் வெளிப்பக்கம் மடித்தார். பட்டன் வைத்தால் வாயில் போட்டுக்கொள்ளும் என்று நாடா. நாடாவும் நீளம் கூடாது, கழுத்தில் சுற்றிக்கொள்ளும் என்று அளந்து வெட்டினார். அந்த முப்பது உருப்படிக்கும் கைவேலை பெரியவளுடையது. பொடிப்பொடியான அந்தச் சட்டைக் கைகளுக்குள் தன் விரல் ஒன்றே ஒன்று நுழைவதைப் பார்த்து அவள் தனியாகச் சிரித்துக்கொள்வாள். சில சமயம் அழுகையும் வரும்.

பெயரும் வைத்தார்கள். மூன்று சாயங்காலம் உட்கார்ந்து, ஒன்று ஆணுக்கு, ஒன்று பெண்ணுக்கு. வாயை விட்டுச் சொல்லவில்லை. அளவு நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தை மடித்து வைத்தார் மாஸ்டர்.

பெண் பிறந்தது. ஆஸ்பத்திரிக்குப் பெரியவள் மட்டும் போனாள். வரிசையாய்ப் பன்னிரண்டு கட்டில், ஜன்னலோரக் கட்டிலில் தங்கை. பல்லெல்லாம் தேய்ந்து, கன்னம் ஒட்டி, முப்பத்தாறு வயசுக்காரி இவளைவிட மூத்தவள் போலக் கிடந்தாள். 'இந்தப் பொண்ணு தன்னை எப்படிச் செலவழிச்சிருக்கு பாரு' என்று நினைத்துக்கொண்டே பெரியவள் அவள் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள். குழந்தையை வாங்கி மடியில் வைத்தபோது அது கண்ணைத் திறக்காமலே வாயைக் கோணி ஒரு கொட்டாவி விட்டது. அவ்வளவுதான், பெரியவளுக்கு உலகமே மறந்துபோயிற்று.

சின்னவள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, பேரு என்ன வெக்கலாம்? நீ சொல்லேன்."

பெயர் நாக்கு நுனியில் நின்றது. சொல்லிவிட்டால்? இன்னும் தொண்ணூறு நாள் இருக்கிறது, பெற்றவள் பச்சை உடம்போடு கிடக்கிறாள், இப்போதே உரிமை கொண்டாடினால் என்ன நினைப்பாள்? பெரியவள் குழந்தையின் போர்வையைச் சரிசெய்தாள். "நீயே ஒண்ணு வைடி. பேருக்கு இப்ப என்ன அவசரம்? அப்புறம் பாத்துக்கலாம்."

"ம்" என்று சின்னவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். களைப்பு, தூங்கட்டும் என்று பெரியவள் குழந்தையைப் பக்கத்தில் விட்டுவிட்டு, சத்தமில்லாமல் எழுந்து வந்துவிட்டாள்.

நாற்பத்தைந்தாவது நாளோ என்னவோ, சின்னவள் போன் பண்ணினாள். குழந்தைக்குக் காய்ச்சல், அவர் லாரியில் போயிருக்கிறார், வர்றியா? பெரியவள் இருந்தது இருந்தபடி புறப்பட்டாள். வாசலில் மாஸ்டர், "போ. போய்ப் பாத்துக்கோ. ஆனா தங்காதே. தேதிக்கு முன்னாடி புள்ளைய நம்ம பக்கம் இழுக்கற மாதிரி ஆயிடக் கூடாது" என்றார். அவர் சொல்வதற்கு முன்பே அவளுக்கும் அந்த எண்ணம் வந்துவிட்டிருந்தது. அதுதான் அந்த வீட்டின் கோளாறு. ஒருவர் தயங்கும்போது மற்றவர் 'அட போங்க, நான் தங்கத்தான் போறேன்' என்று சொல்வதற்கு ஆள் கிடையாது.

பகல் முழுக்க ஈரத்துணி போட்டு, மருந்து புகட்டி, தோளில் போட்டு நடந்து, காய்ச்சல் இறங்கியபின் அஞ்சு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். சின்னவள் குழந்தையோடு கதவருகில் வந்து நின்றாள். "இன்னிக்கு ஒரு நாள் இருந்துட்டுப் போயேன்கா."

"வேலை கிடக்குடி" என்று பொய் சொன்னாள் பெரியவள். பஸ்ஸில் உட்கார்ந்து தோளில் ஒட்டியிருந்த பால் வாசனையை முகர்ந்துகொண்டே வந்தாள்.

தொண்ணூறாவது நாள் பளிச்சென்று வெயில். முந்தின நாளே மாஸ்டர் கடையில் 'மூன்று நாள் விடுமுறை' என்று அட்டை தொங்கவிட்டிருந்தார். கடை திறந்த நாளாய் அப்படி ஒரு அட்டை தொங்கியதில்லை. முகச்சவரம் செய்து, தனக்கென்று தைத்துப் போடாமலே வைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டார். பெரிய பை ஒன்றில் துணிகளை அளவு வாரியாக அடுக்கினார்கள். திரும்பி வரும்போது குழந்தைக்கு வெயில் படக் கூடாது என்று ஒரு குடை. வழியில் பசித்தால் கொடுக்கப் பால் புட்டி, வெந்நீர், சுத்தமான துண்டு. எதையும் மறக்கவில்லை.

கதவைத் திறந்தவள் சின்னவள்தான். இடுப்பில் குழந்தை, கையில் கரண்டி. உள்ளே பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். "அட! என்ன ரெண்டு பேரும் ஜோடியா, ஒரு தகவலும் இல்லாம! வாங்க மாமா, வாங்க. ஏங்க, யாரு வந்திருக்காங்க பாருங்க!"

டிரைவர் "வாங்க, வாங்க" என்று பனியனோடு வந்து நாற்காலியில் கிடந்த துணியை அள்ளிக் கீழே போட்டார். குழந்தை அவர் குரலைக் கேட்டதும் இடுப்பிலிருந்து அவர் பக்கம் தலையைத் திருப்பிச் சிரித்தது. "பாத்தீங்களா அண்ணே, நான் வாயத் தொறந்தாப் போதும், மேடம் திரும்பிடுவாங்க. லோடு ஏத்திட்டுப் போனாலும் ஞாபகமெல்லாம் இவகிட்டத்தான்."

மாஸ்டர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "இன்னிக்குத் தொண்ணூறு" என்றார்.

"என்ன தொண்ணூறு?" என்றாள் சின்னவள்.

அவர் பையைத் திறந்து துணிகளை ஒவ்வொரு அடுக்காக எடுத்துக் கட்டிலில் வைத்தார். "இது இப்போதைக்கு. இது ஆறு மாசத்துக்கு. இது ஒரு வயசுக்கு, கொஞ்சம் வளர்ந்தா பிரிச்சு விட்டுக்கலாம்..." சொல்லிக்கொண்டே போனார். குரல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கை நிற்கவில்லை. பெரியவளால் பார்க்க முடியவில்லை, நிறுத்துங்க என்று சொல்லவும் முடியவில்லை.

சின்னவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அக்கா... நீங்க எடுத்துட்டுப் போகவா வந்திருக்கீங்க?"

"தேதி சொன்னோமே" என்றாள் பெரியவள்.

"நீங்கதான் வேணாம்னுட்டீங்களே!"

"நாங்க எங்கடி வேணாம்னோம்?"

"யோசிக்கணும்னீங்க. புள்ளையக் கொண்டாந்து நீட்டறேன், தேதி சொல்றாரு மாமா. முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியாம தேதி சொல்றாருன்னு நினைச்சேன். உங்களுக்கு வேணும்னா அப்பவே கை நீட்டியிருக்க மாட்டீங்களா? எங்களுக்கெல்லாம் ஒண்ணு வேணும்னா அப்படித்தானே?"

"நான் தேதி சொல்லி என்னிக்காவது தவறியிருக்கேனாம்மா?" என்றார் மாஸ்டர்.

"அது துணிக்கு மாமா." சின்னவளுக்குக் குரல் உடைந்தது. "அன்னிக்கு பஸ்ல முழுக்க அழுதுட்டே வந்தேன். என் அக்காவே வேணாம்னுட்டாளேன்னு. வந்து வயித்தத் தடவிக்கிட்டே சொன்னேன், வா கண்ணு, நம்மள யாருக்கும் வேணாமாம், நாமளே இருந்துக்கலாம்னு. அப்பவும் மனசு கேக்காம ஆஸ்பத்திரியில பேரு கேட்டேன். என்ன அவசரம்னே. காய்ச்சல்ல வந்தே, ஒரு ராத்திரி இருக்க மாட்டேன்னுட்டுப் போனே. இவ்வளவு நடந்தப்புறம் நான் என்னன்னு நினைப்பேன்?"

பெரியவள் அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். அறையை, கொசு வலையை, இஸ்திரி மேஜையை, காந்தக் கம்பை, மடித்து வைத்த பெயரை. சொல்லச் சொல்ல டிரைவரின் முகம் கீழே போயிற்று. "இதையெல்லாம் ஏன் அண்ணி முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லல?" என்றார்.

"எல்லாம் முடிஞ்சதும் சொல்லலாம்னு..."

அடுப்பில் ஏதோ தீய்ந்த வாடை வந்தது. மூத்த பெண் போய் அணைத்தாள்.

சின்னவள் சட்டென்று எழுந்தாள். கட்டிலிலிருந்து ஒரு சட்டையை உருவி, பரபரவென்று குழந்தைக்கு மாட்டினாள். கச்சிதமாக இருந்தது. நாடாவை முடிந்து, தூக்கி, பெரியவளின் கையில் திணித்தாள்.

"இந்தா. எடுத்துட்டுக் கிளம்புங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அவரும் சொல்ல மாட்டாரு. கிளம்புக்கா, சீக்கிரம். நான் யோசிக்க ஆரம்பிச்சேன்னா முடியாது."

டிரைவர் வெளியே போய், தெருவைப் பார்த்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றார்.

குழந்தை கனமாக இருந்தது. வெதுவெதுவென்று இருந்தது. இவள் முகத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, சங்கிலியைப் பிடித்துக்கொண்டது. கதவு பத்தடி தூரம்தான், திறந்தேதான் கிடந்தது. பெரியவள் புருஷனைப் பார்த்தாள். அவர் இவளைப் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள், எவ்வளவு நேரம் என்று தெரியாது. தங்கையின் ஒட்டிய கன்னம் துடிப்பதைப் பெரியவள் பார்த்தாள், வாசலில் அந்த முதுகைப் பார்த்தாள். எதையும் நன்றாகப் பார்க்காமல் அவளுக்கு ஒரு அடி எடுத்து வைக்கத் தெரியாதே.

"இப்படிப் பொசுக்குன்னு வேணாம்டி" என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்டது. "ஒரு வாரம் போகட்டும். ரெண்டு பேரும் உக்காந்து நல்லா யோசிச்சு..."

சின்னவள் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். பிடுங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும். சங்கிலி இழுபட்டுக் கழுத்தில் கீறியது. மார்போடு சேர்த்து அழுத்திக்கொண்டு, அதன் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சொன்னாள்:

"யோசிச்சுட்டேன்கா."

அப்புறம் சாப்பிடச் சொன்னார்கள், சாப்பிட்டார்கள். முட்டை தீய்ந்திருந்தது. துணிகளை அங்கேயே வைத்துவிட்டார்கள். பால் புட்டியையும் குடையையும் மட்டும் மாஸ்டர் பையில் போட்டுக்கொண்டார். டிரைவர் பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தார். இரண்டு தரம் மாஸ்டரின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுத் திரும்பிப் போனார். திரும்பிப் போனவர் கொஞ்ச தூரத்திலேயே ஓட ஆரம்பித்துவிட்டார். பாவம், அவருக்கு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. வெயில் சாய்ந்திருந்தது. பெரியவள் கழுத்துக் கீறலை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வயசில் எவனாவது ஒரு அவசரக்குடுக்கை தன்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருந்தால் என்று ஒரு நினைப்பு வந்தது. அவன் கையிலிருந்து பாத்திரம் பறந்திருக்கும். இந்நேரம் தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளையும் இருந்திருக்கும். பக்கத்தில் நிற்கிற இந்த நல்ல மனுஷனை வைத்துக்கொண்டு இப்படி நினைக்கிறோமே என்று அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது. ஆனால் நினைப்பு வந்தது வந்ததுதான்.

"நாம சரியாத்தானே செஞ்சோம்?" என்றார் மாஸ்டர்.

"சரியாத்தாங்க செஞ்சோம். நாம என்னிக்குத் தப்பாச் செஞ்சிருக்கோம்?"

அவர் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"நீங்க ஏங்க ஒண்ணுமே சொல்லல?" என்று அவள் கேட்டாள். கோபமாகக் கேட்கத்தான் நினைத்தாள், அழுகையாக வந்தது. "கிளம்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நடந்திருப்பேனே."

"புள்ள உன் கையில இருந்துச்சு. நீ நடந்தா நான் பின்னாடியே வந்திருப்பேன்."

அவள் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது.

பஸ் வந்தது. படியில் இரண்டு பேர் தொங்கினார்கள். உள்ளே நெருக்கி நின்றால் நிற்கலாம். கண்டக்டர், "சீக்கிரம், சீக்கிரம், ஏறுங்க" என்று பலகையைத் தட்டினார்.

மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "ரொம்பக் கூட்டமா இருக்கே. அடுத்ததுல போலாமா?"

அவளும் அதையேதான் நினைத்திருந்தாள்.